ஓடை கறுத்தால், தெரு மூழ்கினால், கரை சரிந்தால்: அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

சென்னையில் ஓட்டேரி நல்லா, விருகம்பாக்கம்–அரும்பாக்கம் கால்வாய், மாம்பலம் கால்வாய், வீராங்கல் ஓடை. கோவையில் சங்கனூர் பள்ளம். இவற்றுக்காவது பெயர் இருக்கிறது. "அந்தச் சாக்கடை" என்று மட்டும் சொல்லப்படும் ஓடைகள் நம் ஊர்களில் எத்தனையோ. எல்லாவற்றைப் பற்றியும் வரும் புகார் ஒன்றுதான்: நாறுகிறது, கொசு கடிக்கிறது, வெள்ளம் வருகிறது, தூர் வாருங்கள். ஒரு ஜேசிபி வரும், சில நாள் வேலை நடக்கும், அடுத்த மழையில் அதே இடத்தில் அதே தண்ணீர் நிற்கும்.

ஓடையில் கோளாறு தெரிகிற இடம் ஒன்று, கோளாறு இருக்கிற இடம் வேறு. உங்கள் தெருமுனையில் நிற்கும் வெள்ளத்துக்கு நாலு பாலம் தள்ளி ஒரு குழாய் காரணமாக இருக்கலாம். உங்கள் வீட்டுப் பின்சுவர் சரிவதற்கு, கீழே யாரோ தரையை ஆழமாகத் தோண்டியது காரணமாக இருக்கலாம். அதனால் எந்த வேலையையும் கேட்பதற்கு முன் காரணம் எங்கே என்று கண்டுபிடித்தாக வேண்டும். அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஓடையோரம் குடியிருப்பவர்கள் பொறுமையாகப் பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

முதலில் ஒரு நடை

மூன்று நான்கு நாள் மழையில்லாத ஒரு காலையில், ஆறு மணிக்கெல்லாம் கிளம்புங்கள். ஓடை எந்த ஏரியிலிருந்து அல்லது மேட்டிலிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று முழு நீளமும் கரையோரமாக நடந்து பாருங்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் இரண்டு மூன்று ஞாயிறாகப் பிரித்துக்கொள்ளலாம். கையில் அளவுநாடா, கொஞ்சம் பெயின்ட், கைபேசி. ஒவ்வொரு பாலமும், ஓடையில் விழும் ஒவ்வொரு குழாயும், கொட்டிய ஒவ்வொரு மண்மேடும் இருப்பிடக் குறியோடு படமாகப் பதிவாக வேண்டும். ஊரின் வயதானவர் ஒருவரையும் உடன் அழைத்துப் போனால் அந்த நடைக்கு இரட்டிப்புப் பலன் உண்டு. மதகு எங்கே இருந்தது, வண்ணான் துறை எங்கே, 2015 டிசம்பரில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. மேல்மூடி போட்ட பகுதிக்குள் யாரும் தலையை விடக் கூடாது. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதிகமானால் முதலில் மூக்கின் மோப்ப சக்தியையே அடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போதே ஆள் சாய்ந்துவிடுவார். பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மூடிய ஓடையிலும் ஆபத்து அதே அளவுதான். "ரெண்டு ஆளை இறக்கி அள்ளச் சொல்லுங்க" என்று நாம் ஒருபோதும் கேட்கக் கூடாது.

அறிகுறி: மழையே இல்லை, ஆனால் ஓடையில் தண்ணீர் ஓடுகிறது

நம் ஊர்ச் சிற்றோடைகள் பெரும்பாலும் மழைக்கால ஓடைகள். சித்திரை வெயிலில் அதில் நீர் ஓடினால் அது யாரோ விடும் நீர். யார் என்பதை நிறமும் நேரமும் சொல்லும்.

கரையில் ஒரே இடத்தில் ஒரு நாள் முழுக்க மணிக்கொரு தடவை நீர்மட்டத்தைக் குறியுங்கள். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் ஏறி, மதியம் இறங்கி, மாலையில் திரும்ப ஏறினால் வீடுகளின் கழிவுநீர். நாள் முழுக்க ஏற்ற இறக்கம் இல்லாமல் தெளிவாக ஓடினால் குடிநீர்க் குழாய்க் கசிவாகவோ, ஏதாவது கட்டிடத்தின் அடித்தளத்தில் ஊறும் நீரை மோட்டார் வைத்து வெளியேற்றுவதாகவோ இருக்கலாம். குடிநீரா என்று பார்க்க, ஊராட்சிகளில் தண்ணீர்த் தொட்டிக்குப் பயன்படுத்தும் குளோரின் சோதனைச் சொட்டு போதும். மஞ்சளாக மாறினால் அது சுத்திகரித்த நீர், உடனே குடிநீர் வாரியத்துக்குச் சொல்லுங்கள். மின்தடை வந்த அன்று மட்டும் திடீரென்று கறுப்பு வெள்ளம் வந்தால், பக்கத்துக் கழிவுநீர் உந்து நிலையம் வழிகிறது. அங்கே ஜெனரேட்டர் ஓடுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நள்ளிரவுக்குப் பிறகு அரைமணி நேரம் மட்டும் வந்து போனால் கழிவுநீர் லாரியாக இருக்கும், இல்லாவிட்டால் பட்டறை. லாரி என்றால் வண்டி எண்ணோடு ஒரு படம், இடம், நேரம். அது போதும்.

நிறத்தைப் பொறுத்தவரை, சாம்பல் நிறமும் சோப்பு வாடையும் குளியலறை, சமையலறைத் தண்ணீர். கறுப்பும் அழுகிய முட்டை நாற்றமும் இருந்தால் மலக்கழிவு ஆக்ஸிஜன் இல்லாமல் நெடுநேரம் தேங்கியிருக்கிறது. நிறம் நேரத்துக்கு நேரம் மாறினால் சாயம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத்தான் எழுத வேண்டும், மாநகராட்சிக்கு எழுதிப் பயனில்லை. சில இடங்களில் நீர்மேல் வானவில் மாதிரி படலம் மின்னும், எல்லோரும் எண்ணெய் என்று பதறுவார்கள். ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். உடைந்து சில்லு சில்லாகப் பிரிந்து நின்றால் இரும்புச்சத்தில் வளரும் பாக்டீரியாவின் படலம், கெடுதல் இல்லை. பிரிந்தது உடனே கூடிக்கொண்டால் எண்ணெய்தான். மேல்பக்கம் மெக்கானிக் கடை, வாகனம் கழுவுமிடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, அந்த நீர் எந்த வழியாக உள்ளே வருகிறது? மழைநீர் வடிகால் ஓடையில் சேரும் வாயைப் பாருங்கள். மழையில்லாத நாளில் அந்த வாயில் நீர் வந்தால், அந்தத் தெருவில் வீட்டுக் கழிவுக் குழாயை மழைநீர் வடிகாலில் சொருகியிருக்கிறார்கள். வடிகாலின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி மேல்நோக்கிப் போனால், எந்த மூடியில் நீர் இருக்கிறது, அடுத்த எந்த மூடியில் இல்லை என்று தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இணைப்பு. மூடி திறப்பது மாநகராட்சி ஆட்களின் வேலை. நீங்கள் செய்ய வேண்டியது, "இந்தத் தெருவில் சாயச் சோதனை நடத்தி இணைப்பைக் கண்டறியவும்" என்று குறிப்பாகக் கேட்பது. வீட்டுக் கழிவில் நிறச் சாயம் கலந்து, அது வடிகாலில் வருகிறதா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கி.மீ.-இலிருந்து 426 சதுர கி.மீ.-ஆக விரிந்தது. கோவையும் அதே ஆண்டு விரிந்தது. சேர்க்கப்பட்ட பகுதிகளில் பலவற்றுக்குப் பாதாளச் சாக்கடை வந்து சேர ஆண்டுக்கணக்கில் ஆனது, ஆகிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட தெருவில் வீட்டுக் குழாயை அடைத்து அபராதம் போட்டால், அந்தக் கழிவு இன்னொரு இரவில் லாரி வழியாக இதே ஓடைக்குத்தான் வரும். பாதாளச் சாக்கடை இருக்கும் தெருவில் இணைப்பைத் துண்டிக்கக் கேளுங்கள். இல்லாத தெருவில், ஓடையின் கரையோரம் கழிவைத் தடுத்து உந்து நிலையத்துக்குத் திருப்பும் குழாயைக் கேளுங்கள். இரண்டையும் குழப்பினால் ஏழை வீடுகள் மேல் மட்டும் நடவடிக்கை வரும், ஓடை மாறாது.

சரியானதா என்று சோதிக்க: பத்து நாள் கழித்து அதே இடம், அதே நேரம், அதே குறி.

அறிகுறி: ஒவ்வொரு மழைக்கும் அதே தெரு மூழ்குகிறது

ஆட்கள் அதிகம் அலைக்கழிவது இதில்தான், ஆனால் எல்லாவற்றிலும் தெளிவாகக் கண்டுபிடிக்கக்கூடியதும் இதுவே. உங்கள் தெருவுக்கு அடுத்த பாலத்தின் இரு பக்கச் சுவரிலும், மேல்பக்கம் ஒன்று கீழ்பக்கம் ஒன்றாக, அரையடிக்கு ஒரு கோடு போட்டுப் பெயின்ட் அளவுகோல் வரையுங்கள். இரண்டும் ஒரே மட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற ட்யூப் கொண்டு கொத்தனார் மட்டம் பார்த்துத் தருவார். மழை வலுக்கும்போது பாலத்தின் மேலிருந்தோ பக்கத்து மாடியிலிருந்தோ இரண்டையும் நேரத்தோடு படம் எடுங்கள். தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

மேல்பக்கம் உயரமாகவும் கீழ்பக்கம் தாழ்வாகவும் இருந்தால் அடைப்பு அந்தப் பாலத்திலேயே இருக்கிறது. பாலத்தின் கண்களில், அதாவது அடியில் நீர் போகும் திறப்புகளில், எத்தனை திறந்திருக்கின்றன என்று பாருங்கள். பல பாலங்களில் ஒரு கண் முழுக்க மண்ணால் மூடியிருக்கும், இன்னொன்றின் குறுக்கே குடிநீர்க் குழாயும் கேபிள் குழாயும் போகும். அந்தக் குழாயில் ஒரு பாய், ஒரு வாழைமட்டை சிக்கினால் போதும், பிறகு வருவதெல்லாம் அதில் சேரும். சில இடங்களில் பழைய பாலத்தின் பக்கத்தில் சாலையை அகலப்படுத்தும்போது சின்னக் குழாய் வைத்து நீட்டியிருப்பார்கள். குழாயின் விட்டம் பாதியானால் அதில் போகும் நீர் பாதியாவதில்லை, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். நாலடிக் குழாயை அடுத்து இரண்டடிக் குழாய் இருக்கும் இடத்தில் எவ்வளவு தூர் வாரினாலும் பயன் கிடைக்காது. பாலத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிறைந்திருந்தால் அந்தப் பாலத்தின் மேல் குற்றமில்லை. கீழிருந்து தண்ணீர் எதிர்த்து நிற்கிறது. அடுத்த பாலத்துக்குப் போங்கள், அங்கும் அதே சோதனை. இப்படியே போனால் எங்கோ ஓரிடத்தில் மேலுக்கும் கீழுக்கும் பளிச்சென்று வித்தியாசம் தெரியும். அதுதான் இடம். உங்கள் வார்டுக்கு வெளியே, வேறொரு துறையின் எல்லைக்குள் அது இருக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் தெருவில் மறுபடி மறுபடி வேலை நடந்தும் குணமாகாததன் காரணம் அப்போது புரியும்.

சென்னையில் இந்தத் தேடல் சிலசமயம் ஆற்றிலோ கடலிலோ போய் முடியும். மாம்பலம் கால்வாய் அடையாற்றில் விழுகிறது. விருகம்பாக்கம் கால்வாய் கூவத்தில் விழுகிறது. ஆறு நிறைந்திருந்தால் கால்வாய் காலியாகாது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் நீர் ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தாலும், கடல் ஏற்றமாக இருந்தாலும், வேளச்சேரி வரை அதன் விளைவு தெரியும். அந்த நாளின் கடல் ஏற்ற நேரத்தை உங்கள் படங்களின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால், கேட்க வேண்டியது முகத்துவாரத்தைத் திறப்பதும், ஆறு ஏறும்போது தானாக மூடிக்கொள்ளும் மடைக் கதவும், பம்பும்.

ஓடை இரண்டு பக்கமும் தாழ்வாக ஓடும்போதே தெரு மூழ்கினால், ஓடைக்கும் உங்கள் வெள்ளத்துக்கும் சம்பந்தம் இல்லை. தெருத் தண்ணீர் ஓடைக்குப் போகவே இல்லை. வடிகால் வாய் அடைத்திருக்கலாம், வடிகால் எதிர்ச்சாய்வில் கட்டப்பட்டிருக்கலாம், பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதால் வீடுகள் குழிக்குள் போயிருக்கலாம்.

கடைசியாக ஒரு வகை: முன்பெல்லாம் மழை பெய்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஓடை நிறையும், இப்போது பத்து நிமிடத்தில் நிறைகிறது. மேல்பக்கம் மண் மூடப்பட்டுவிட்டது என்று பொருள். கணக்கு எளிது. ஒரு ஹெக்டேரில் 10 மி.மீ. மழை என்பது 1 லட்சம் லிட்டர். 100 ஹெக்டேரில் 50 மி.மீ. பெய்தால் 5 கோடி லிட்டர். தோப்பும் தரிசுமாக இருந்தபோது அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடைக்கு வந்தது என்று வைத்துக்கொண்டால், கூரையும் சிமென்ட் தளமுமான பிறகு ஐந்தில் நான்கு பங்கு வரும். 1 கோடி லிட்டருக்குப் பழகிய ஓடையில் 4 கோடி. இதற்கு ஓடையை மட்டும் அகலப்படுத்தி ஈடுகட்ட முடியாது. மேலே இருக்கும் ஏரியின் கொள்ளளவை மீட்பதும், பூங்கா, விளையாட்டுத் திடல், பள்ளி மைதானங்களில் ஒரு நாள் நீர் நின்று போகும்படி பள்ளம் விடுவதும்தான் வழி. நுங்கம்பாக்கத்தில் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது, மாம்பலத்தின் நீண்ட ஏரி தியாகராய நகராகிவிட்டது. அவை தாங்கிய நீர் மாம்பலம் கால்வாயின் மேல்தான் இறங்குகிறது. 2021 நவம்பரில் அந்தக் கால்வாயில் பணி நடந்துகொண்டிருந்த நிலையில் கிடந்த இடிபாடுகளும் சேர்ந்துகொள்ள, தியாகராய நகர் நாள்கணக்கில் மூழ்கியது.

அறிகுறி: தூர் வாரினார்கள், ஒரே மழையில் மறுபடி மேடு

அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்து வைத்தால் அது முதல் மழையில் திரும்பி வரும். இது பார்த்தவுடன் தெரியும் காரணம். மண் அன்றன்றே டிப்பரில் போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத காரணம் தரைமட்டத்தில் இருக்கிறது. ஓடையின் தரையைப் பாலத்துக் கண்ணின் தரைக்கும் கீழே தோண்டினால் அது தொட்டியாகிவிடும், நீர்ப்போக்கு கூடாது. அந்தத் தொட்டியில் நீர் நிற்கும், சேறு இறங்கும், கொசு பெருகும். அதனால் தூர் வாரும் ஆழத்தைப் பாலங்களின் தரைமட்டத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வேலை கடைக்கோடியிலிருந்து மேல்நோக்கி நடக்க வேண்டும். மேலே வாரி வழிவிட்டு, கீழே அடைத்து வைத்தால் கீழ்த்தெரு மக்கள்தான் அனுபவிப்பார்கள்.

மண் ஓரிடத்தில் திரும்பத் திரும்பச் சேர்கிறதென்றால், அதற்குச் சற்றுக் கீழே அடைப்பு இருக்கிறது, அல்லது அந்த இடத்தில் ஓடையைத் தேவைக்கு மேல் அகலப்படுத்திவிட்டார்கள். நீர் வேகம் இழந்தால் மண்ணைக் கீழே போட்டுவிடும். பக்கத்தில் கட்டிட வேலை நடந்தால் தெருவில் குவித்த மணலும் இங்கேதான் வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே அந்தக் குவியல்களை அகற்றச் சொல்லுங்கள்.

வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் அளவுக்கோலை நிறுத்திப் படம் எடுத்து வைப்பது நல்லது. பிறகு, செய்த வேலையின் அளவைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தோடு ஒப்பிடலாம்.

அறிகுறி: கரை சரிகிறது, சுவரில் விரிசல்

முதலில் உயிர். கரைக்கு இணையாகத் தரையில் நீளமாக விரிசல் ஓடுகிறதா, வீட்டுக் கதவு திடீரென்று நிலையில் இடிக்கிறதா, சுவர் ஓடைப்பக்கம் சாய்கிறதா? இதில் எது இருந்தாலும் அன்றே அந்த அறைகளைக் காலி செய்யுங்கள். தீயணைப்புத் துறைக்கும் வட்டாட்சியருக்கும் சொல்லுங்கள். காரணத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

தேடும்போது நான்கு இடம் பார்க்க வேண்டும். சுவரின் அடி: ஓடை வளையும் இடத்தில் வெளிவளைவில் நீர் மோதி அடிமண்ணை அரிக்கும், கல் தொங்கிக்கொண்டு நிற்கும். சுவரின் முதுகு: மழை விட்ட பிறகு சுவர் தள்ளினால், பின்னால் ஊறிய நீருக்கு வெளியேற வழியில்லை, சுவரில் விட்ட துளைகள் அடைத்திருக்கும், அல்லது விடவே இல்லை. சுவரின் தலை: மேலே மண்மேடு, டிப்பர், புதிதாக எழுப்பிய மாடி. நான்காவது ஓடையின் தரை. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

கீழ்ப்பகுதியில் ஓடையை ஆழமாகத் தோண்டினாலோ நேராக்கினாலோ, மண் தரையில் ஒரு சின்னப் படி உருவாகும். ஒவ்வொரு மழையிலும் அந்தப் படி அரித்து அரித்து மேல்நோக்கி ஏறும். அது கடந்து போன இடமெல்லாம் தரை தாழ்ந்து, இரு கரையும் ஆதாரம் இழந்து சரியும். பாலத்தின் அடித்தளம் வெளியே தெரிவது, மரவேர்கள் அந்தரத்தில் தொங்குவது, புதைத்த குழாய் காற்றில் நிற்பது எல்லாம் இதன் தடயங்கள். படி இருக்கும் இடத்தில் ஒரு கம்பு நட்டு, இரண்டு மழைக்குப் பின் பாருங்கள்; கம்பைத் தாண்டிப் போயிருந்தால் உறுதி. இதற்குத் தடுப்புச் சுவர் மட்டும் கட்டினால் சுவரின் அடியும் போகும். ஓடைக்குக் குறுக்கே பெரிய கற்களால் தாழ்வான படிகள் அமைத்துத் தரையை முதலில் நிறுத்த வேண்டும், பிறகு அடிக்குக் கல், சரிவுக்கு வெட்டிவேரும் நாணலும், மேலே நீர்மருதும் புங்கனும். சீமைக்கருவேலத்தை வெட்டும்போது ஓடைக்குள் நிற்பதை எடுங்கள். கரையைப் பிடித்து நிற்பதன் வேரை, வேறொன்று வேர்பிடிக்கும் வரை தோண்ட வேண்டாம்.

கோவையில் சங்கனூர் பள்ளத்தின் விளிம்பிலேயே வீடுகள் எழுந்திருக்கின்றன. அங்கே கரையோரம் தோண்டும் எந்த வேலைக்கும் முன்பு, பக்கத்து வீடுகளின் அடித்தளத்தைப் பார்த்துத் தாங்கு கொடுத்த பிறகே இயந்திரம் இறங்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். டொரோண்டோவில் 1954 அக்டோபரில் ஹேசல் புயல் வந்தபோது ஹம்பர் ஆற்றங்கரையில் ஒரு தெருவே அடித்துச் செல்லப்பட்டது. ஒன்டாரியோ மாகாணத்தில் 81 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த நகரம் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவதைத் தடுத்து, நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கியது. இன்று டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நம்மவர்கள் மாலை நடை போகும் ஓடைப் பள்ளத்தாக்குகள் அப்படிக் காப்பாற்றப்பட்டவை. ஒரு பேரிடருக்குப் பிறகு ஒரு நகரம் எடுக்கக்கூடிய முடிவுகளில் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை.

அறிகுறி: ஆகாயத்தாமரை

சாக்கடை ஓடையில் சேரும் சத்துதான் அதன் உணவு. சாதகமான வெப்பத்தில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். செப்டம்பரில் அள்ளுவது அவசியம், இல்லாவிட்டால் முதல் வெள்ளத்தில் மொத்தமாகப் போய்ப் பாலத்தை அடைக்கும். ஆனால் மேலே சொன்ன கழிவுநீர்ச் சோதனையைச் செய்யாமல் ஆண்டுதோறும் அள்ளிக்கொண்டே இருப்பது பணச்செலவு மட்டுமே.

அறிகுறி: கொசு

டெங்கு வந்தால் ஓடையில் மருந்தடிக்கச் சொல்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, நல்ல தண்ணீரில்தான். வீட்டுத் தொட்டி, பழைய டயர், ஓடைக்கரையில் கிடக்கும் இளநீர்க் கூடும் பிளாஸ்டிக் குவளையும்தான் அதன் இடங்கள். ஓடையில் பெருகுவது க்யூலெக்ஸ். யானைக்கால் நோய் அதன் வழி வரும். தேங்கல் எங்கே என்று குறித்து, தரைமட்டத்தைச் சரிசெய்து நீரை ஓட வைத்தால் அது குறையும்.

அறிகுறி: குப்பையும் இடிபாடும்

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். வீட்டுக் குப்பை எப்போதும் தெரு ஓடையில் முட்டி முடியும் இடங்களிலும் பாலத்தின் மூலைகளிலும்தான் விழும். அந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று பாருங்கள். வண்டி நேரத்தை மாற்றியதுமே குறைந்த இடங்கள் உண்டு. கம்பிவலை போட்டு மறைப்பது பாலத்துக்கு ஓரளவு உதவும். ஓடைக்குக் குறுக்கே கம்பித் தடுப்பு வைத்தால், அதைத் தினமும் சுத்தம் செய்ய ஆள் இருந்தால் மட்டுமே வையுங்கள். இல்லாவிட்டால் மழையன்று அதுவே அணையாகும்.

கட்டிட இடிபாடு வேறு வகை, எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான். அது அழுகாது, மிதக்காது. இன்று நாலு லோடு கொட்டுவார்கள், ஆறு மாதத்தில் அது சமதளமாகும், அதன் மேல் ஒரு தகரக் கொட்டகை, அதற்கு ஒரு மின் இணைப்பு, பிறகு வீட்டு வரி ரசீது. முதல் லோடு விழும் வாரத்திலேயே புகார் போக வேண்டும். சென்னையில் மாநகராட்சியின் தொலைபேசி எண் 1913, எந்த ஊரிலிருந்தும் முதல்வரின் உதவி மையம் 1100. புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஓடையையே காணவில்லை

பெரியவர்கள் ஓடை இருந்தது என்கிறார்கள், தரையில் வீடும் சாலையும்தான் தெரிகிறது. முதலில் தரையைப் பாருங்கள்: சாலை காரணமில்லாமல் இறங்கி ஏறும் இடம், இரு பக்கமும் எதுவும் இல்லாமல் நிற்கும் பாலத்தின் கைப்பிடிச்சுவர், வரிசையாக நிற்கும் பனைகள், கனமழையில் நீர் தானாகத் தேர்ந்தெடுக்கும் பாதை.

அப்புறம் ஆவணம். கிராம வரைபடத்தில் ஓடை ஓடும் சர்வே எண்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் புலப்படமும் (அந்த எண்ணின் நில அளவை வரைபடம்) "அ" பதிவேட்டு நகலும் (நிலத்தின் வகை எழுதிய வருவாய்ப் பதிவேடு) எடுங்கள். தமிழ்நாடு அரசின் இணைய சேவையில் ஊர்ப்புற நிலங்களுக்கு எளிதாகப் பார்க்கலாம், நகர நில அளவைக்கு உட்பட்ட இடத்துக்கு வட்டாட்சியர் அலுவலகம் போக வேண்டியிருக்கும். பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் உங்கள் கை வலுவாக இருக்கிறது. புலப்படத்தில் அகலம் மீட்டரில் இருக்கும். தரையில் இருக்கும் அகலத்தை அளந்து பக்கத்தில் எழுதினாலே புகார் தயார். ஓடை பட்டா நிலத்தின் ஊடாகப் போவதும் உண்டு. அங்கே ஆக்கிரமிப்பு என்று எழுதினால் மனு தள்ளுபடியாகும். இயற்கை நீர்ப்பாதையை அடைத்து மேல்நிலத்தில் நீரைத் தேக்குகிறார்கள் என்று எழுத வேண்டும்.

2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், பெயரே சொல்வதுபோல், ஏரிகளுக்கானது. ஓடைப் புறம்போக்குக்கு வருவாய்த் துறை பயன்படுத்துவது 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம்.

ஆக்கிரமிப்பு என்று எழுதும்போது முழு நீளத்தையும் அளக்கக் கேளுங்கள். குடிசைகள் மட்டும் கணக்கெடுக்கப்பட்டு, மதில் சுவரும் வணிக வளாகமும் கணக்கில் வராமல் போவதை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். சென்னையில் ஆற்றோரத்திலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டார்கள். வேலையும் பள்ளியும் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயின, செம்மஞ்சேரியே மழைக்கு மூழ்கும் இடம். நடந்து போகும் தூரத்தில் மாற்று வீடு என்ற கோரிக்கையும் உங்கள் மனுவிலேயே இருக்கட்டும்.

அறிகுறி: "கான்கிரீட் போட்டு மூடித் தருகிறோம்" என்கிறார்கள்

நாற்றம் மறையும் என்பதால் தெருவே சம்மதிக்கும். சம்மதிக்கும் முன் மூன்று கேள்வி: மூடிய பிறகு தூர் எப்படி வாருவார்கள், எத்தனை மீட்டருக்கு ஒரு திறப்பு? தளம் வழுவழுப்பானதும் நீர் வேகமாகப் போய்க் கீழ்த்தெருவில் எங்கே நிற்கும்? தரையும் சிமென்டானால் கரையோரக் கிணறுகளுக்கு ஊற்று எங்கிருந்து வரும்? பதில் எழுத்தில் வராவிட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அழகுபடுத்தல் திட்டங்களுக்கு சியோலின் சியோங்கியேசியோன் ஓடையைக் காட்டுவார்கள். மேம்பாலத்தை இடித்து 5.8 கி.மீ. ஓடையைத் திறந்து 2005-இல் மக்களிடம் கொடுத்தது பெரிய சாதனை. ஆனால் அதில் ஓடும் நீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்ப் செய்யப்படுகிறது. நமக்குப் பக்கத்திலேயே நல்ல மாதிரி இருக்கிறது: அடையாற்றின் கழிமுகத்தில் இடிபாடும் குப்பையுமாகக் கிடந்த 58 ஏக்கர், மண் அள்ளி, நீர்வழி திறந்து, இந்த மண்ணின் செடிகளை நட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 

அறிகுறி: எந்தத் துறையும் "எங்களுடையது இல்லை" என்கிறது

ஒரே ஓடையில் நிலம் வருவாய்த் துறைக்கு, நீர்ப்போக்கு நீர்வளத் துறைக்கோ மாநகராட்சிக்கோ, கழிவுநீர் குடிநீர் வாரியத்துக்கு, பாலம் நெடுஞ்சாலைத் துறைக்கோ ரயில்வேக்கோ. அதனால் ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும். "ஓடையைச் சீரமைக்கவும்" என்ற மனு சுற்றிக்கொண்டே இருக்கும். "இன்ன சர்வே எண்ணில், இன்ன சாலைப் பாலத்தின் இடது கண்ணில் குறுக்கே போகும் குடிநீர்க் குழாயை மாற்றி அமைக்கவும், இந்தத் தேதி இந்த நேரம் மேல்பக்கம் நீர்மட்டம் கீழ்பக்கத்தைவிட இரண்டடி உயரம், படம் இணைப்பு" என்ற மனுவை ஒரு உதவிப் பொறியாளர் தட்டிக்கழிப்பது கடினம். நகலைக் கவுன்சிலருக்கும் கொடுங்கள், திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் பதிவு செய்யுங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம், 10 ரூபாய், 30 நாள். கேட்க வேண்டியவை: அந்த ஓடையின் பராமரிப்பு எந்தத் துறையிடம் இருக்கிறது என்ற ஆணையின் நகல், அதன் நீள்வெட்டுப் படம் (ஓடையின் தரை எங்கே எந்த மட்டத்தில் என்று காட்டுவது), கடைசியாகத் தூர் வாரியதன் மதிப்பீடும் அளவுப் புத்தகப் பக்கங்களும். நீள்வெட்டுப் படம் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பாலத்தின் தரைமட்டத்தையும் வரிசையாகப் பாருங்கள். கீழே போகப் போக எண் குறைந்துகொண்டே வர வேண்டும். எந்த இடத்தில் எண் ஏறுகிறதோ, அடுத்த மனு அந்த இடத்துக்கு.